தொழிலைப் பெருக்கும் எண்ணமில்லாமல், மனநிறைவுக்காக மட்டும் ஒரு பைண்டிங் கடையை நடத்தலாமா?

கேள்வி: மஞ்சக்குப்பம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டின் முன்னறையையே கடையாக்கி, புத்தகங்களுக்கு பைண்டிங் செய்து தருகிறேன். அலுவலக வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பின், முறையாகக் கற்றுக்கொண்டு தொடங்கிய தொழில் இது. மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது, பிள்ளைகள் அவரவர் காலில் நிற்கிறார்கள், வீடும் சொந்த வீடு. ஆகவே கடையின் கல்லாவை நம்பித்தான் அடுப்பு எரிய வேண்டும் என்ற நிலையில் நான் இல்லை. முதுகு விட்டுப்போன ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்து, காய்ந்த பசையைச் சுரண்டி, கிழிந்த பாரங்களின் (சேர்த்து மடித்த தாள்கட்டுகளின்) மடிப்பில் மெல்லிய தாளை ஒட்டி, மறுபடி ஒவ்வொரு பாரமாக நாடாவோடு சேர்த்துத் தைத்து, காலிகோ என்ற பைண்டிங் துணி போட்டு முடிக்கும்போது கிடைக்கும் நிறைவுக்காகவே இதைச் செய்கிறேன். இனியும் அதற்காகவே செய்ய விரும்புகிறேன்.

வேலைக்குக் குறைவில்லை. மாவட்டத் தலைநகர் என்பதால் வழக்கறிஞர்கள் சட்ட இதழ்களை ஆண்டுவாரியாகச் சேர்த்துக் கட்டுவதற்குக் கொண்டுவருகிறார்கள். ஜூன் மாதத்தில் பாடப் புத்தகங்கள் வந்து குவிகின்றன. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து தாத்தா காலத்துப் புத்தகங்களையும் குடும்பக் கணக்கேடுகளையும் துணியில் சுற்றி எடுத்து வருகிறவர்களும் உண்டு. இவை போக, கெட்டி அட்டை போட்ட டைரிகளையும் பேரேடுகளையும் நானே செய்கிறேன். அவற்றைப் பார்த்த புதுச்சேரிக் கடைக்காரர்கள் இருவர், மாதந்தோறும் மொத்தமாக அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்கள்.

என் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. சிறுதொழிலுக்கான அரசுத் திட்டத்தில் முத்ரா கடன் வாங்கி மின்சாரக் கட்டிங் மெஷின் போடச் சொல்கிறார்கள் உறவினர்கள்; புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருவில் ஒரு கிளை திறந்தால் நல்ல பணம் பார்க்கலாம் என்றும் சொல்கிறார்கள். கையில் தொழில் இருந்தும் வளராமல் இருப்பது சோம்பேறித்தனம் என்று நெருங்கிய உறவினர் ஒருவர் சொன்னது மனத்தில் தைத்துவிட்டது. எனக்குக் கடன் வாங்கவும் மனமில்லை, கிளை திறக்கவும் மனமில்லை. கிளை திறந்தால் நான் ஊசியையும் நூலையும் வைத்துவிட்டு, வேலை பார்ப்பவர்களை மேய்ப்பவளாக மாறிவிடுவேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

விலையைப் பற்றியும் கேட்க வேண்டும். பணம் நோக்கமில்லை என்பதால் சாமான் செலவோடு சிறிது சேர்த்து, தடித்த புத்தகம் ஒன்றுக்கு 150 ரூபாய் வாங்கி வருகிறேன். பணத்துக்காக நடத்தாத கடையில் விலையை எதை வைத்து முடிவு செய்வது, வருகிற வேலையை மனம் நோகாமல் எப்படி மறுப்பது, சட்டப்படி கவனிக்க வேண்டியவை எவை என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: முத்தியால்பேட்டை காப்பிக்கடை

சகோதரிக்கு வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் காப்பிக் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் சிறு கடை என்னுடையது. நானும் உங்களைப் போலவே பெருக்கும் எண்ணமில்லாமல் நடத்துகிறவன் என்பதால் எழுதுகிறேன். வளராமல் இருப்பது சோம்பேறித்தனம் என்ற பேச்சை நீங்கள் மனத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. சில தொழில்களில் அளவு சிறியதாக இருப்பதே தரத்தைக் காக்கிறது, என் தொழிலும் அப்படிப்பட்டதுதான். டிரம்மில் போட்ட பச்சைக் கொட்டை முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பேறி, சூடு 200 டிகிரியை நெருங்கும் சமயத்தில் பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கும். அந்த ஓசையிலிருந்து எத்தனை வினாடி கழித்துக் கொட்டையை இறக்குகிறோம் என்பதில்தான் அன்றைய தூளின் குணமே இருக்கிறது, அந்த நேரத்தில் வறுப்பவருடைய கண்ணும் காதும் மூக்கும் வேறு எங்கும் இருக்கக் கூடாது. வறுத்த கொட்டை கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், மணமும் நாளுக்கு நாள் இறங்கும், அரைத்துவிட்டால் இன்னும் வேகமாக இறங்கும். ஆகவே அந்த வாரத்துக்கு விற்கும் அளவை மட்டும் அந்த வாரம் வறுக்கிற சின்னக் கடையால் கொடுக்க முடிகிற மணத்தை, மூட்டை மூட்டையாக வறுத்து மாதக்கணக்கில் அடுக்கி வைப்பவர் கொடுப்பது கடினம்.

வேலையை மறுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆளைப் பார்த்து மறுக்கப் போனால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். கடைக்கு ஓர் அளவை வைத்து அதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதிப் போட்டுவிடுங்கள். என் கடை காலையில் மட்டும் திறந்திருக்கும், அன்று வறுத்தது தீர்ந்துவிட்டால் நாளைக்குத்தான் என்று பலகையிலேயே எழுதியிருக்கிறேன். முதலில் முணுமுணுத்தவர்கள்கூட இப்போது முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு வந்து வாங்கிப் போகிறார்கள். உங்களுக்கு மாதத்துக்கு இத்தனை புத்தகம் என்று ஓர் அளவு இருக்கட்டும். வரிசை முடிந்த பிறகு வருகிறவருக்கு அடுத்த மாதத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவசரம் என்று வற்புறுத்துகிறவருக்கு வேறு கடையின் முகவரியைச் சொல்லி அனுப்புவதில் குறைவொன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசைக்கு நடத்துகிற கடை என்பதற்காக எந்த விதியும் நமக்குத் தளர்வதில்லை. சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், கலப்பின் அளவைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது பெரிய நிறுவனத்துக்கு எப்படியோ எனக்கும் அப்படியே. 2024, 2025 ஆண்டுகளில் கொட்டை விலை கண்டபடி ஏறியபோது நானும் தூளின் விலையை ஏற்றினேன். என் கையிலிருந்து போட்டு விலையைக் கட்டிப் பிடித்திருந்தால், அது எனக்குச் சந்தோஷம் தருகிற தொழிலாக நீடித்திருக்காது, என் சேமிப்பைத் தின்கிற பழக்கமாகத்தான் ஆகியிருக்கும். விலை விஷயத்தில் உங்கள் தொழிலிலேயே இருப்பவர் யாராவது பேசுவதுதான் பொருத்தம் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

பதில்: முதுநகர் பைண்டர்

அம்மா, வணக்கம். கடலூர் முதுநகரில் மூன்று தலைமுறையாக பைண்டிங் செய்து பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. உங்கள் கேள்வியில் விலையைப் பற்றிய பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் இந்த வேலையை மதித்துச் செய்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிவதால், உரிமையோடு சிலவற்றைச் சொல்கிறேன்.

கடையை எவ்வளவு சிறியதாக வைத்துக்கொள்வது என்பது முழுக்க உங்கள் விருப்பம், அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் விலை என்பது உங்கள் ஒருவருடைய விருப்பத்தில் அடங்கிவிடுகிற காரியம் இல்லை. நீங்கள் 150 ரூபாய்க்குக் கட்டித் தருகிற அதே தடிமனுள்ள புத்தகத்தை என் கடைக்குக் கொண்டுவருகிறவர், அங்கே 150 ரூபாய்தானே, நீங்கள் ஏன் இருமடங்குக்கு மேல் கேட்கிறீர்கள் என்று என்னைக் கேட்பார். உங்களுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, எனக்கு இல்லை என்பதை அவரிடம் நான் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அந்த விலைக்கு இறங்கினால், நான் பாரத் தையலை விட்டுவிட்டு, ஓரத்தில் துளை போட்டு இழுத்துக் கட்டுகிற பக்கத் தையலுக்குத்தான் போக வேண்டும். பக்கத் தையல் போட்ட புத்தகம் விரித்து வைத்தால் படிந்து நிற்காது, அழுத்திப் பிரித்துப் பிரித்தே சில ஆண்டுகளில் உள்ளோரத் தாள் கிழிந்துவிடும். நீங்கள் நேசிக்கிற அந்தப் பழைய முறை ஊரில் நிலைக்க வேண்டுமானால், அதைச் செய்து பிழைக்கிறவருக்கு அது கட்டுப்படியாக வேண்டும்.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். கைத்திறமையுள்ள ஓர் ஆளுக்கு நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரித்து, தைத்து, முதுகு தட்டி, அட்டை ஏற்றி முடிப்பதற்கு ஒரு நாளில் நான்கு தடித்த புத்தகங்கள்தான் ஓடும் என்றால், ஒரு புத்தகத்தின் கூலி மட்டும் 200 ரூபாய். அட்டை, காலிகோ, நூல், நாடா, ஓரத்தாள், பசை ஆகியவற்றுக்கு 90 ரூபாய் போகும். கடை வாடகை, மின்சாரம், கத்தி சாணை பிடிப்பது, கெட்டுப்போகிற அட்டை எல்லாவற்றையும் பங்கு போட்டால் இன்னும் 40 ரூபாய் சேரும். ஆக 330 ரூபாய்க்குக் குறைந்தால் அந்தப் புத்தகத்தில் யாரோ ஒருவர் கூலியில்லாமல் உழைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். சொந்த வீடு என்பதற்காக வாடகையையும், உங்கள் உழைப்பு என்பதற்காகக் கூலியையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். நாளைக்கே உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தால் அவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்குமோ, அந்தத் தொகைதான் நியாயமான விலைக்கு அடிப்படை.

ஏழைப் பிள்ளையின் பாடப் புத்தகத்துக்கு இலவசமாகவே செய்து கொடுங்கள். நாங்களும் செய்கிறோம், அது தருமம். வசதியுள்ளவர் வீட்டு அலமாரிக்குப் போகிற புத்தகத்துக்குப் பாதி விலை வாங்குவதைத் தருமத்தில் சேர்க்க முடியாது. முழு விலையை வாங்கி, வேலையின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். விலை ஏறும்போது அவசரத்துக்கும் மலிவுக்கும் வருகிறவர்கள் தாமாக விலகிக்கொள்வார்கள், நீங்கள் விரும்புகிற பழம்புத்தகங்கள் தங்கும்.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டையின் நார் ஓட்டம், அதாவது அதிலுள்ள நார்கள் ஓடும் திசை, புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்கும்படி வெட்டுகிறீர்களா என்று பாருங்கள். குறுக்காகப் போய்விட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டை வில்லாக வளைந்துவிடும். கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது பெரிய தொல்லை, மழைக்காலத்தில் பசை காய்வதற்கே கோடையைப் போல இருமடங்கு நேரம் வேண்டும். தேதி கொடுக்கும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: மஞ்சக்குப்பம் வாசகி

இருவருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன கணக்கை என் புத்தகங்களுக்கும் போட்டுப் பார்த்தேன், 350 ரூபாய்க்குக் கீழே வைக்க எந்த நியாயமும் தெரியவில்லை. புதிய விலையை அடுத்த மாதம் முதல் பலகையில் எழுதுகிறேன். நார் ஓட்டத்தைப் பார்த்துத்தான் வெட்டுகிறேன், ஆனால் தேதி கொடுப்பதில் மழைக்காலத்தைப் பிரித்துப் பார்த்ததில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் தெளிவாக வேண்டும். புதுச்சேரிக் கடைக்காரர்களுக்கு மாதம் கொஞ்சமாக டைரியும் பேரேடும் அனுப்பினால் வரிப் பதிவு ஏதாவது செய்ய வேண்டுமா? அடுத்தது, எங்கள் தெருப் பெண் ஒருவர் நாள் கூலிக்கு வந்து பாரம் மடிக்கவும் அட்டை ஒட்டவும் உதவுகிறார். கெட்டிக்காரப் பெண். கடையை வளர்க்காமல் இருப்பதில் அவருக்குக் குறை ஏதும் வந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் எனக்கு இருக்கிறது.

பதில்: திருப்பாதிரிப்புலியூர் கணக்கர்

வணக்கம் அம்மா. சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதி, வரிப் படிவம் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், கடலூர்க்காரர்கள் பலரும் சறுக்குகிற இடம் அதுதான்.

சேவை அளிப்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகிறது. பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் அந்த வரம்பு 40 லட்சம், புதுச்சேரியில் பொருளுக்கும் 20 லட்சம்தான். நீங்கள் பைண்டிங் என்ற சேவையையும் டைரி விற்பனையையும் சேர்த்துச் செய்வதால் 20 லட்சத்தையே உங்கள் வரம்பாகக் கொள்ளுங்கள். உங்கள் கடையின் அளவுக்கு அதை எட்டுவதற்கு வெகு தூரம் இருக்கிறது என்பதால், இதுவரை கவலையில்லை.

சிக்கல் எல்லையிலுள்ள முள்ளோடையில் இருக்கிறது. பெண்ணையாற்றைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி யூனியன் பிரதேசம் தொடங்கிவிடுகிறது. டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரம் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கிற விற்பனை. வரி விதிக்கத்தக்க பொருளை அப்படி அனுப்புகிறவர், விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24ஆம் பிரிவு. கைவினைப் பொருள்கள் என்று அறிவிக்கப்பட்ட சில வகைகளுக்கு இதில் விலக்கு உண்டு, உங்கள் டைரி அந்தப் பட்டியலில் வருமா என்பதைத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்களுக்கான நோட்டுப் புத்தகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரியே இல்லை, ஆனால் டைரி, பேரேடு, ரசீதுப் புத்தகம் ஆகியவை அந்தச் சலுகையில் சேரவில்லை. பதிவு செய்துவிட்டு, விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற எளிய முறையான தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) சேர்ந்துகொள்ளலாமே என்றும் தோன்றும். மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்பவருக்கு அந்தத் திட்டம் கிடைக்காது.

இதற்கு மாறாக, புதுச்சேரியிலிருந்து ஒருவர் உங்கள் கடைக்கே நேரில் வந்து டைரி வாங்கிப் போவதில் இந்தச் சிக்கல் எழாது. அங்கிருந்து பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து பைண்டிங் செய்து வாங்கிப் போவது சேவை என்பதால், 20 லட்சம் வரை அதற்கும் பதிவு தேவைப்படாது. ஆகவே உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதையே செய்கிற வரையில் சட்டமும் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. கிளை திறப்பது என்றால் இரண்டு இடத்துப் பதிவும், இரண்டு இடத்துக் கணக்கும், அவ்வப்போது தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களும் வந்து சேரும் என்பதை உங்கள் உறவினர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

வருமான வரியில் ஒன்றைக் கவனியுங்கள். ஆசைக்கு நடத்துகிற கடையில் நட்டம் வந்தால், அதை ஓய்வூதியத்தில் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓய்வூதியம் சம்பளமாகக் கருதப்படுகிறது, தொழில் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அந்த நட்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகள் வரை தொழில் லாபத்தில் மட்டுமே கழித்துக்கொள்ளலாம். லாபம் வருகிற ஆண்டுகளில், விற்றுமுதலில் 8 சதவீதத்தை, வங்கி வழியாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டி வரி கட்டுகிற எளிய முறை இருக்கிறது. அந்த முறையில் முழுமையான கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும், வரவையும் செலவையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். கடை தன் காலில் நிற்கிறதா, உங்கள் ஓய்வூதியத்தில் நிற்கிறதா என்பதை அந்த நோட்டு ஒன்றுதான் உள்ளபடி காட்டும்.

மாநகராட்சித் தொழில் உரிமத்தைப் புதுப்பித்து வாருங்கள். முன்னறைக்குத் தனி வணிக மின் இணைப்பு தேவையா என்பதையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்துவிடலாம். அதற்காக யாரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பதில்: நெல்லிக்குப்பம் தையலகம்

அம்மா, அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டதற்காகவே உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நெல்லிக்குப்பத்தில் பல ஆண்டுகள் பெண்களை வைத்துத் தையல் கூடம் நடத்தியவள் நான். சிறியதாகவே இருப்போம் என்று முதலாளி முடிவெடுப்பது எளிது, அவருக்கு மனநிறைவு கிடைத்துவிடுகிறது. உடன் வேலை செய்கிறவருக்கு அந்த மனநிறைவில் பங்கு வருகிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. பாரம் மடிப்பதும் பசை தடவுவதும் ஒருவருக்கு எப்போதும் அதே வேலையாக இருந்தால், உங்களுக்கு இன்பமாக இருக்கிற கடை அவருக்குக் கூலி வேலை மட்டுமே. வளர வேண்டாம் என்பது நீங்கள் உங்களுக்காக எடுத்த முடிவு, அதை உங்களிடம் வேலை செய்யும் பெண்ணின் தலையில் வைக்க நமக்கு உரிமை கிடையாது.

முதலாவதாக, விலையை ஏற்றும் அதே நாளில் அவருடைய கூலியையும் ஏற்றுங்கள். முதுநகர் பைண்டர் போட்ட கணக்கில் நாள் கூலி 800 ரூபாய் என்பது திறமையுள்ள கைக்கு. அந்தத் திறமை வருவதற்கு அவர் இன்னும் என்னென்ன கற்க வேண்டும் என்று எழுதிவைத்து, தையல், முதுகு தட்டுவது, காலிகோ போடுவது, பழைய தாளைச் செப்பனிடுவது என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். நல்ல வேலையை நமக்கென்று வைத்துக்கொண்டு எடுபிடி வேலையை மட்டும் அவரிடம் தள்ளுவது, நம்மையறியாமல் எல்லாக் கடைகளிலும் நடக்கிறது. நாம் ரசித்துச் செய்கிற வேலையை விட்டுக்கொடுப்பது கடினமாகத்தான் இருக்கும். ஆசைக்குக் கடை நடத்துகிறவர்களுக்கு அது இன்னும் கடினம்.

இரண்டாவதாக, புதுச்சேரிக் கடைக்காரர்களுடைய ஆர்டரை நீங்கள் ஏன் மறுக்க வேண்டும்? அந்தப் பெண் பக்குவப்பட்ட பிறகு அதை அவருக்கே கொடுத்துவிடலாம். கணக்கர் ஐயா சொன்ன பதிவை அவர் தன் பெயரில் செய்துகொள்ளட்டும். முத்ராவில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும், மகளிர் குழுவில் இருந்தால் அந்த வழியும் உண்டு. உங்களுக்குச் சுமையாகத் தெரிகிற அந்த வளர்ச்சி, அவருடைய வயதுக்கும் தேவைக்கும் சரியாகப் பொருந்தலாம். புத்தகத்தை அழுத்தி வைக்கிற உங்கள் பிரஸ்ஸையும் மற்றக் கருவிகளையும் பிற்பகல் நேரத்தில் அவர் பயன்படுத்திக்கொள்ள விட்டாலே பெரிய முதல் தேவைப்படாது. அதற்கு ஒரு சிறிய வாடகையை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள், வாய்ப்பேச்சாக விட்டால் நாளைக்கு இருவருக்கும் மனக்கசப்பு வரும். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் சரிதான், ஆனால் அதை அவர் வாயால் சொல்லட்டும்.

கேட்டவர்: மஞ்சக்குப்பம் வாசகி

அந்தப் பெண்ணிடம் நேற்று பேசினேன். பழம்புத்தக வேலையில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை, டைரி செய்து விற்பதில்தான் ஆர்வம் என்று தயங்காமல் சொன்னார். வரும் தை மாதம் வரை தையலையும் காலிகோ வேலையையும் முழுமையாகக் கற்றுத் தருவது, அதன் பிறகு புதுச்சேரி ஆர்டரை அவர் பெயரிலேயே தொடங்குவது, அதுவரை கூலியை உயர்த்திக் கொடுப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். கணக்கர் ஐயா அவருக்கு வழிகாட்ட முன்வந்தால் இருவரும் நேரில் வந்து பார்க்கிறோம். பைண்டர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: நான் மாத அளவு வைத்த பிறகு சட்ட இதழ்களை எடுத்துச் செய்ய முடியாது. வழக்கறிஞர்களை உங்கள் கடைக்கு அனுப்பலாமா?

பதில்: முதுநகர் பைண்டர்

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. சட்ட இதழ் எங்களுக்கு நிலையான வேலை, ஆண்டு முழுவதும் வரும், ஆளுக்கும் பழக்கம். அதற்குப் பதிலாக, தாள் நொறுங்கிப்போன பழைய புத்தகங்கள் எங்களிடம் வரும்போது உங்களிடம் அனுப்புகிறேன். நாள் முழுக்க ஒரே புத்தகத்தோடு உட்காரும் பொறுமை எங்கள் கடையின் வேகத்துக்கு ஒத்துவராது, வாங்குகிற கூலியில் அது கட்டுப்படியாகவும் ஆகாது. அப்படிப்பட்ட புத்தகத்துக்கு 350 ரூபாய் என்று வைக்காதீர்கள், எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று முதலில் பார்த்துச் சொல்லி, அதற்குத் தகுந்தபடி வாங்குங்கள்.

மழைக்கு முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். 2015 டிசம்பரிலும் 2024இல் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து வந்த பெண்ணையாற்று வெள்ளத்திலும் நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்று உங்களுக்கே தெரியும். நம் சொந்த அட்டையும் தாளும் நனைந்தால் காசோடு போகும், வாடிக்கையாளர் வீட்டுப் பழைய புத்தகம் நனைந்தால் மறுபடி கிடைக்காது. ஐப்பசி பிறந்தால் புதிதாகப் பழம்புத்தகம் எதையும் எடுக்காதீர்கள். எடுத்துவைத்ததைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, இடுப்புக்கு மேலான பரணில் வையுங்கள். வழக்கறிஞர்களிடம் என் கடையைச் சொல்லும்போது, திங்கட்கிழமை கடை விடுமுறை என்பதையும் சொல்லிவிடுங்கள்.